21 வாட் மடிப்பு சோலார் பேனல்: மூன்று வருடம் மலையில் தூக்கித் திரிந்த பிறகு

போன வாரம் என் சோலார் பேனலின் யு.எஸ்.பி. சாக்கெட்டை மாற்றினேன். கேபிளைச் சொருகினால் நிற்காமல் ஆடியது. மொபைல் ரிப்பேர் கடைத் தம்பி பழையதைப் பெயர்த்தெடுத்து லென்ஸில் பார்த்துவிட்டு, "அண்ணே, இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை புடுங்கிச் சொருகுவீங்க?" என்று கேட்டான். உள்ளே இருந்த தகடுகள் தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தன. இந்தப் பேனலோடு எனக்கு இருக்கும் சண்டை முழுவதும் அந்தக் கேள்வியில் அடங்கிவிட்டது. ஆகஸ்டில் லடாக் போகும் நண்பர் ஒருவரும் "வாங்கலாமா?" என்று கேட்டிருக்கிறார். அவருக்காகவே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 21 வாட் என்பது பேனலில் உள்ள சோலார் செல்லின் சூடு 25 டிகிரியில் இருக்கும்போது போடும் ஆய்வகக் கணக்கு. எங்கள் மொட்டை மாடியில் உச்சி வெயிலில் 11, 12 வாட்தான் வரும். செல் கொதித்தால் வோல்டேஜ் இறங்கிவிடுவதும் அதற்கு ஒரு காரணம். லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில் கதையே வேறு. 4,000 மீட்டர் உயரத்தில் வெயில் சுள்ளென்று அடிக்கிறது, காற்றோ குளிர்கிறது. அங்கே ஹங்கர் கிராமத்தில் ஒரு பாறைமேல் விரித்து, வாக்கிங் ஸ்டிக்கை முட்டுக் கொடுத்து வெயிலுக்கு நேராகச் சாய்த்தபோது மீட்டர் 15 வாட் காட்டியது. கரண்டே இல்லாத இடத்தில் அந்த எண்ணைப் பார்த்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

நடக்கும்போது பைமேல் தொங்கவிடுவதை நம்பாதீர்கள். அகத்தியர்கூடம் மலை ஏறியபோது, ஏற்றம் தொடங்கும் போனக்காட்டிலிருந்து அப்படித்தான் தொங்கவிட்டுப் போனேன். மரநிழலில் இரண்டு வாட் தேறவில்லை.

சரி, சண்டைக்கு வருகிறேன். அதே மார்க்கா பாதையில் மேலே இருக்கும் நீமாலிங் புல்வெளியில் மதியம் இரண்டு மணி. போனை நேரே பேனலில் மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்தேன். காங் யாட்சே சிகரத்தின் பக்கமிருந்து ஒரு மேகம் வந்தது. அதன் நிழல் புல்வெளிமேல் நகர்ந்து எங்களைத் தாண்டிப் போக இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. திரும்பவும் நல்ல வெயில். திரையில் சார்ஜ் ஏறும் மின்னல் அடையாளம் அப்படியே இருந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் 31 சதவீதம், மேகம் வந்தபோதும் அதே 31. வெளிச்சம் குறைந்ததும் பேனலின் வோல்டேஜ் சரிகிறது. போன் இதை ஏதோ சக்தியில்லாத சார்ஜர் என்று எடுத்துக்கொண்டு, இழுக்கும் கரண்டைக் குறைத்துக்கொள்கிறது. வெயில் திரும்பினாலும் அந்த முடிவை மாற்றுவதில்லை. பிடுங்கிச் சொருகினால்தான் விழிக்கும். மேகத்துக்கு ஒரு தடவை என்று நாள் முழுக்கப் பிடுங்கினால் சாக்கெட் தேயாமல் என்ன செய்யும்? வெயில் வந்ததும் இணைப்பைத் தானே ஒரு நொடி வெட்டிச் சேர்க்கும் சர்க்யூட் உள்ள பேனல்கள் இருக்கின்றன. மலைக்கென்றே விற்கும் பொருளில் இதை வைக்காமல் விட்டது எனக்கு இன்றுவரை ஆற்றாமைதான்.

நானாகக் கண்டுபிடித்த வழிகள் இரண்டு. பழைய 5,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று வீட்டில் கிடந்தது, ஃபாஸ்ட் சார்ஜிங் எதுவும் இல்லாத ரகம். அது கிடைக்கிற கரண்டை வாங்கிக்கொண்டு, மேகம் போனதும் தானாகப் பழைய வேகத்துக்கு வந்துவிடுகிறது. பகலில் பேனலில் அது, இரவில் அதிலிருந்து போன். பவர் பேங்கைப் பேனலின் அடியில் நிழலில் வையுங்கள், வெயிலில் வைத்தால் சூடேறிக் கெட்டுப்போகும். இரண்டாவது, நடுவில் சுவிட்ச் வைத்த யு.எஸ்.பி. கேபிள். பிடுங்க வேண்டாம், அணைத்துப் போட்டால் போதும். இதை முதல் வருடமே வாங்கியிருந்தால் சாக்கெட் பிழைத்திருக்கும்.

அப்புறம் குளிர். நீமாலிங்கில் இரவு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கியது. போனையும் பவர் பேங்கையும் கம்பளிக் காலுறைக்குள் போட்டு ஸ்லீப்பிங் பேக்கில் வைத்துக்கொண்டு தூங்கினேன். உறைந்த லித்தியம் பேட்டரியை விடிந்ததும் சார்ஜில் போடாதீர்கள். உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி நிரந்தரமாகப் பாழாகும். கை வைத்தால் சில்லென்று இருப்பது போகும் வரை காத்திருங்கள்.

இனி நண்பருக்குப் பதில். வாங்காதீர்கள். எட்டு நாள் பயணத்துக்கு 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் இரண்டு போதும். ஒவ்வொன்றின் கொள்ளளவும் 37 வாட் அவர்தான், விமான வரம்புக்குள் அடங்குவதால் கைப்பையில் கொண்டுபோகத் தடை இல்லை. இழப்பு போக ஒன்று உங்கள் போனை ஒன்றரை தடவை நிரப்பும். ஏரோபிளேன் மோடில் மேப்பும் போட்டோவுமாக ஒரு நாளைக்கு 30 சதவீதம்தான் செலவாகும். இரண்டும் சேர்ந்து 400 கிராம், என் பேனல் தனியாகவே 450.

இரவல் மட்டும் கேட்காதீர்கள். செப்டம்பரில் நான் மறுபடி மார்க்கா போகிறேன், புது சாக்கெட்டோடு அதுவும் வருகிறது.