எர்டிகாவா, ஹைகிராஸா?

பழைய வண்ணாரப்பேட்டை சந்துக்குள் ஏழு சீட்டு வண்டி வாங்குகிறவர் முதலில் பார்க்க வேண்டியது மைலேஜ் அல்ல, அகலம். மாருதி எர்டிகா சுமார் 1.73 மீட்டர், டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ் 1.85 மீட்டர். அந்த அரைச் சாண் வித்தியாசம் எங்கள் தெருவில் பெரிசு. ஒரு பக்கம் வாசற்படி, மறுபக்கம் வரிசையாக பைக்குகள். எர்டிகா கண்ணாடியை மடக்கினால் நுழைந்துவிடும். ஹைகிராஸுக்கு ஒருவர் இறங்கி, "வா, வா, ஒடி" என்று கை காட்ட வேண்டும்.

உள்ளே உட்கார்ந்தால் கதை வேறு. எர்டிகாவின் மூன்றாம் வரிசை பிள்ளைகளுக்குச் சரி. பெரியவர்களுக்குத் திருப்பதி போவதற்குள் முட்டி வலிக்கும். ஹைகிராஸில் என் மாமியார் பின்வரிசையிலேயே நிம்மதியாகத் தூங்கிவிட்டார். எர்டிகாவில் சிஎன்ஜி எடுத்தால் டிக்கியைச் சிலிண்டர் பிடித்துக்கொள்ளும், பெட்டிகளை மடியில்தான் வைக்க வேண்டும்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊரும்போது பெட்ரோல் எஞ்சினோடு பேட்டரி மோட்டாரும் உள்ள ஹைகிராஸ் ஹைபிரிட் பெரும்பாலும் பேட்டரியிலேயே சத்தமில்லாமல் நகர்கிறது. பெட்ரோல் மிச்சமாவது அங்கேதான். ஆனால் விலை எர்டிகாவைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். தினமும் வயதானவர்களை ஏற்றி இறக்குகிற வீடு, நிறுத்தத் தனி இடமும் உண்டு என்றால் அந்த விலையைக் கொடுக்கலாம். மற்றபடி எனக்கு எர்டிகா பெட்ரோல்தான்.