ஊட்டிக் கேரட் துபாய் போக: விமானமா, ரீஃபர் கப்பலா, உறைய வைத்தா?

என் மனைவியின் தம்பி துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் காய்கறிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறான். போனில் பேசும்போதெல்லாம் கேட்பான்: "மாமா, இங்க ஆஸ்திரேலியாக் கேரட் அடுக்கிக் கிடக்கு. பக்கத்துல இருக்குற ஊட்டிக் கேரட் வர்றதுக்கு என்ன கேடு?"

நியாயமான கேள்விதான். அந்த ஆஸ்திரேலியாக் கேரட் பெரும்பாலும் பெர்த் பக்கத்தில் விளைந்து கப்பலில் வருகிறது. கொச்சியிலிருந்து துபாய்க்குள்ள கடல் தூரத்தைப் போல அது மூன்று மடங்கு. ஆக, தூரத்தைச் சாக்குச் சொல்ல முடியாது. ஊட்டி பக்கம் கேத்தி பாலாடாவில் கேரட் போடும் நானும் பக்கத்துத் தோட்டக்காரர்கள் சிலரும் ஒருமுறை உட்கார்ந்து, இருக்கும் வழிகளை அலசிப் பார்த்தோம்.

முதலில் விமானம். மலையிலிருந்து இறங்கினால் கோவை பீளமேடு விமான நிலையம், கொஞ்சம் தள்ளிப் போனால் கொச்சியின் நெடும்பாசேரி. பறக்கிற நேரம் நாலு மணி நேரம்தான். இன்று பிடுங்கியது நாளைக்கு அங்கே கடையில் இருக்கும் என்று ஆசையாகச் சொல்வார்கள். ஆனால் விமானத்தில் கிடைப்பது வேகம் மட்டும்தான். குளிருக்கு யாரும் பொறுப்பில்லை. சரக்குக் கொட்டகையில் காத்திருப்பு, ஓடுதளத்தில் வெயில், இறங்கிய பிறகு வளைகுடாவின் நாற்பது டிகிரி, இவ்வளவையும் பெட்டி தாங்க வேண்டும். வெள்ளித்தாள் போர்வை போட்டு அனுப்புகிறார்கள், ஓரளவுக்கு உதவும்.

இன்னொன்று, விமானத்தில் எடைக்கு மட்டும் காசு இல்லை, இடத்துக்கும் உண்டு. பெட்டியின் நீள அகல உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 6,000-ஆல் வகுப்பார்கள். அதுவா, நிஜ எடையா, எது கூடுதலோ அதற்குத்தான் பில். 60-க்கு 40-க்கு 30 அளவுள்ள பெட்டியில் லெட்டூஸ் ஆறு கிலோ பிடித்தாலும் 12 கிலோவுக்குக் கட்ட வேண்டும். கேரட் கனமான சரக்கு, அதனால் இந்த அடி அதற்கு விழாது. ஆனால் கிலோவுக்கு இவ்வளவு என்று கட்டி அனுப்பினால், ஆஸ்திரேலியாக் கேரட் விற்கும் விலையில் நம்முடையதை அங்கே வைக்கவே முடியாது. குறைந்த விலைக்குப் போகும் கனத்த காயை விமானத்தில் ஏற்றுவது, ஆட்டோ பிடித்துப் போய் அரை ரூபாய்க்குக் கொத்தமல்லி வாங்குவது மாதிரி.

அடுத்தது ரீஃபர் கன்டெய்னர், அதாவது குளிர வைக்கும் மெஷின் பொருத்திய கப்பல் பெட்டி. அது ஒரு பெரிய ஃபிரிட்ஜ் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. உள்ளே ஏற்றிய சூட்டோடு இருக்கும் காயை விரைவாகக் குளிர வைக்கும் சக்தி அதற்குக் கிடையாது. ஏற்கெனவே குளிர்ந்திருப்பதை அதே குளிரில் வைத்திருக்கத்தான் அந்த மெஷின். குளிர்காற்று தரையில் இருக்கும் பள்ள வரிகள் வழியாக வந்து, அட்டைப் பெட்டிகளின் ஓட்டைகளுக்குள் புகுந்து மேலேறி, கூரைப் பக்கமாகத் திரும்பி மெஷினுக்குப் போகும். இந்தச் சுற்று அறுந்தால் எல்லாம் போச்சு. உள்சுவரில் சிவப்புக் கோடு ஒன்று இருக்கும், அதற்கு மேல் அடுக்கக் கூடாது. கதவுப் பக்கம் தரையை வெறுமனே விட்டால் காற்று அந்த வழியே குறுக்கே ஓடிவிடும், நடுவில் இருக்கும் காய்க்கு எதுவும் போகாது. பெட்டியின் ஓட்டைகள் ஒன்றன் மேல் ஒன்று நேராக நிற்க வேண்டும். சுமை தூக்குகிறவர்களிடம் இதைச் சொல்லிப் புரியவைக்கப் பொறுமை வேண்டும்.

பிடுங்கிய பிறகும் காய் மூச்சு விடுகிறது, சூடு விடுகிறது. அதனால் கன்டெய்னரின் காற்றுத் துளையைக் கொஞ்சம் திறந்து வைக்க வேண்டும். கேரட்டுக்கு பூஜ்யம் டிகிரி, ஈரப்பதம் 95 சதவீதத்துக்கு மேல். தழை நறுக்கிய முற்றிய கேரட் அந்த நிலையில் மாதக்கணக்கில் நிற்கும். தழையோடு கட்டினால் பத்து நாள் தாங்கினால் பெரிது. பீன்ஸுக்கு அதே பூஜ்யம் ஆகாது. ஐந்து டிகிரிக்குக் கீழே போனால் குளிர்ச்சியிலேயே கெடும், சரியான குளிரில் வைத்தாலும் பத்துப் பன்னிரண்டு நாள்தான். கொச்சியிலிருந்து நேராகப் போகும் கப்பல் ஒரு வாரத்துக்குள் சேர்த்துவிடும் என்றாலும், துறைமுகத்தில் இந்தப் பக்கம் இரண்டு நாள், அந்தப் பக்கம் இரண்டு நாள் சேர்த்தால் பீன்ஸுக்கு மூச்சு முட்டும். கேரட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

அப்படியானால் சிக்கல் எங்கே? மலையில்தான். இங்கே நடப்பதைச் சொல்கிறேன். விடியற்காலையில் பிடுங்குகிறோம், மெஷினில் போட்டுக் கழுவுகிறோம், ஈரத்தோடு சாக்கில் கட்டித் திறந்த லாரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறக்குகிறோம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இறங்கும் வழியில் பர்லியார் தாண்டும்போதே சாக்குக்குள் வேர்க்கும். கழுவும் மெஷினின் உருளையில் உரசித் தோல் கீறிய கேரட், அழுக்குத் தண்ணீரில் கழுவியது, மேலே சூடு. மென்னழுகல் நோய்க்கு இதைவிட விருந்து வேண்டாம். உள்ளூர்ச் சந்தையில் மூன்றாம் நாளே குழம்பில் போய்விடுவதால் தெரியாது. ரீஃபரில் ஏற்றினால் துபாயில் கதவைத் திறக்கும்போதுதான் தெரியும்.

சரி, கழுவாமல் அனுப்பலாமா என்றால் அதுவும் முடியாது. பூச்சி, நோய் இல்லை என்று ஏற்றுமதிக்குத் தரும் தாவர நலச் சான்று, மண் ஒட்டிய கிழங்கு வகைக்குக் கிடைப்பது கஷ்டம். நீலகிரி மண்ணுக்கு அதில் தனியாகக் கெட்ட பெயரே உண்டு. 1961-இல் இங்கே உருளைக்கிழங்கில், மண்ணோடு பரவும் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது, இந்த மாவட்டத்திலிருந்து விதைக் கிழங்கு வெளியே போக அதன் பிறகு தடை வந்தது. ஆகவே கழுவத்தான் வேண்டும். நல்ல தண்ணீரில் கழுவி, வடியவிட்டு, மலையிலேயே குளிர வைத்து, அட்டைப் பெட்டியில் போட்டு, சின்னக் குளிர்சாதன வண்டியில் கீழே இறக்க வேண்டும். நாற்பதடி டிரெய்லர் இந்தக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வந்து நான் பார்த்ததில்லை. மேட்டுப்பாளையத்திலோ கோவையிலோ ஒரு குளிர்கிடங்கு வாசலில்தான் ரீஃபர் பெட்டி நிற்கும்.

இரண்டாவது சிக்கல், பெட்டியை நிரப்புவது. இருபதடி ரீஃபரில் ஏறக்குறைய 28 கன மீட்டர் இடம், கேரட் பத்து டன்னுக்கு மேல் பிடிக்கும். நாற்பதடி உயரப் பெட்டி என்றால் 67 கன மீட்டர். ஒன்றரை ஏக்கர்க்காரன் ஒரே நாளில் இதை நிரப்ப வழியில்லை. பாதி காலியாக அனுப்பினாலும் வாடகை முழுசுதான். அதனால் கலந்து ஏற்றும் ஆசை வரும். எங்களோடு சேர்ந்தவர் ஒருவர் மீதி இடத்தில் பட்டர் ஃப்ரூட் ஏற்றிவிடலாம் என்றார். ஏற்றுமதி ஏஜென்ட் ஒருவரும் தலையாட்டினார். நல்லவேளை, மேட்டுப்பாளையத்துப் பெரியவர் ஒருவர் தடுத்தார். பழுக்கும் பழம் எத்திலீன் வாயுவை விடும், அது பட்டால் கேரட் கசந்துபோகும். கெட்ட வாடை வராது, நிறம் மாறாது. வாயில் வைத்தால்தான் தெரியும், அதற்குள் வாங்கியவன் நம் பெயரை மறக்காமல் வைத்திருப்பான்.

உறைய வைத்து அனுப்புவது மூன்றாவது வழி. தோல் சீவி, துண்டாக்கி, கொதிநீரில் முக்கியெடுத்து, ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக உறையும்படி செய்து, மைனஸ் 18-இல் அனுப்புவது. உறைந்த சரக்கு மூச்சு விடாது, தனக்கென்று சூடும் கிடையாது. வெளிச்சூடு உள்ளே வராமல் பார்த்துக்கொண்டால் போதும். அதனால் இடைவெளி விடாமல் இறுக்கி அடுக்கலாம், காற்றுத் துளையை மூடிவிட வேண்டும். ஒரு வாரம் கப்பல் தாமதமானாலும் ஒன்றும் ஆகாது. 2023 துபாய் காலநிலை மாநாட்டில், மின்சாரம் மிச்சமாக மைனஸ் 15 போதுமே என்று கூட ஒரு முயற்சி தொடங்கினார்கள். வளைந்த கேரட், குட்டைக் கேரட் எல்லாம் இதில் காசாகும் என்பது எனக்குப் பிடித்த விஷயம். ஆனால் ஃபாக்டரி வேண்டும், கரன்ட் ஒரு மணி நேரம்கூட போகக் கூடாது. விவசாயிகள் நாலு பேர் சேர்ந்து தொடங்குகிற வேலை இல்லை. "ஊட்டிக் கேரட்" என்ற பெயரும் துண்டு துண்டாகிப் பையில் தொலைந்துவிடும்.

துறைமுகம் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை. வளைகுடாவுக்கு என்றால் பாலக்காட்டுக் கணவாய் வழியே கொச்சி வல்லார்பாடம்தான், கோவையிலிருந்து இருநூறு கிலோமீட்டருக்குள். தூத்துக்குடி அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கொழும்பில் கப்பல் மாறிக் கிழக்கே சிங்கப்பூர் பக்கம் போகும் சரக்குக்கு அதைப் பார்க்கலாம். ஐரோப்பா ஆசையை இப்போதைக்கு ஓரம் வைத்துவிட்டோம். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்ட பிறகு நிறைய கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனதைப் பார்த்தோம். பயணம் பத்து நாளுக்கு மேல் கூடும்போது எங்களைப் போன்ற புதியவர்கள் கை வைக்கக் கூடாது.

கடைசியில் நாங்கள் பிரித்துக்கொண்டது இப்படி. லெட்டூஸ், காளான் மாதிரி நாள் தாங்காத, விலை கூடிய சரக்குக்கு விமானம். கேரட்டுக்கு இருபதடி ரீஃபர், உள்ளே கேரட்டைத் தவிர வேறெதுவும் இல்லை. பீன்ஸ் மண்டிக்கே போகட்டும். ரீஃபருக்கும் முன்னால் மலையில் ஒரு சின்னக் குளிர் அறை வேண்டும் என்பதால், இப்போது பேங்க் கடனுக்கு அலைந்துகொண்டிருக்கிறோம். மச்சினனிடம் சொன்னேன். "அதுக்குள்ள நான் ஊருக்கே திரும்பி வந்துருவேன் போல மாமா" என்றான்.