பாக்ஸ்என் வேகனுக்கு எந்தச் சக்கரம்: 33, 36, 38?

சேலம் செவ்வாய்ப்பேட்டைத் தம்பி ஒருவன் புதிதாக ஹெச்.ஓ. அளவில் (அசலில் 87-இல் ஒரு பங்கு) மாடல் ரயிலுக்குச் சரக்கு வேகன் கட்ட ஆரம்பித்திருக்கிறான். போன ஞாயிற்றுக்கிழமை சூரமங்கலத்தில் என் மாடி அறைக்கு வந்து உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "அண்ணா, எல்லாத்துக்கும் 36 இன்ச் சக்கரமே வாங்கிடட்டுமா? மொத்தமா வாங்கினா விலையும் குறையுது."

வாங்கலாம், ஓடும். ஆனால் ஓமலூர் வழியாக மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி ஏற்றிப்போகும் பாக்ஸ்என் என்ற திறந்த வேகனைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உறுத்தும்.

நம்ம ஊர் வேகனுக்கென்று சக்கரம் கிடைப்பது அரிது. சுலபமாகக் கிடைப்பவை அமெரிக்க அளவுகள்; பெயரில் இருக்கும் இன்ச் அசல் சக்கரத்தின் விட்டம். அங்கே 70 டன் வேகனுக்கு 33 இன்ச், 100 டன்னுக்கு 36, 125 டன்னுக்கு 38. 1:87 அளவுக்குச் சுருக்கினால் 9.6, 10.5, 11.1 மி.மீ. ஐரோப்பியச் சரக்குப் பெட்டிகளுக்கு 11 மி.மீ. சக்கரம் விற்கிறது. பிரிட்டிஷ் ஓ.ஓ. என்ற, கொஞ்சம் பெரிய மாடல் ரகத்தில் 12.6.

இந்தப் பக்கம் நம் கணக்கு. பாக்ஸ்என்னின் கேஸ்நப் போகியில் (போகி என்றால் இங்கே பெட்டி அல்ல, வேகனுக்கு அடியில் இரண்டு அச்சைத் தாங்கும் சட்டம்) புதுச் சக்கரம் 1000 மி.மீ. ஓடி ஓடித் தேயும், அவ்வப்போது கடைசலில் போட்டுச் சீவுவார்கள். 906-க்கு வந்துவிட்டால் கண்டெம், அதாவது கழித்துவிடுவார்கள். ஆக, மாடலில் 11.5-க்கும் 10.4-க்கும் நடுவில் எது இருந்தாலும் 'தப்பு' என்று யாரும் சொல்ல முடியாது. 36 இன்ச் என்பது 914 மி.மீ.; கண்டெம் கோட்டுக்கு 8 மி.மீ. மேலே. 38 இன்ச் என்றால் 965, பாதி வயது. ஐரோப்பிய 11 மி.மீ. சக்கரத்தைப் பெரிதாக்கினால் 957, அதுவும் பாதி வயதுதான். 33 இன்ச் வரம்புக்கு வெளியே போய்விடுகிறது.

அப்போ 36-உம் வரம்புக்குள் தானே இருக்கிறது, என்ன உறுத்தல்? ஒரு வேகனில் இருந்தால் உறுத்தல் இல்லை. 58 வேகன் கொண்ட ரேக்கில் அத்தனை சக்கரமும் ஒரே நாளில் கண்டெம் ஆகப்போகிற நிலையில் இருந்தால்?

கண்ணால் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. கேஸ்நப் போகியில் இரண்டு அச்சுக்கும் இடையே சரியாக 2000 மி.மீ. புதுச் சக்கரம் 1000. அதாவது இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடத்தில் இன்னொரு சக்கரத்தை இம்மி பிசகாமல் நிறுத்தலாம். மேக்னசைட் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் நின்று (தண்டவாளத்தில் இறங்க வேண்டாம்) ஜூம் போட்டு ஒரு படம் எடுத்து, போன் திரையில் ஒரு காகிதத் துண்டால் அளந்து பாருங்கள். இடைவெளி சக்கரத்தைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கும். எவ்வளவு கூடுதல் அகலமோ அதில் பாதி, சக்கர விட்டத்தின் தேய்மானம். ஒரே ரேக்கில் பத்து வேகனை அளந்தால் பத்து விதமாக வரும்.

இந்தக் காகிதத் துண்டைத் தம்பியின் மாடலில் வைத்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அவன் வாங்கியிருந்தது அமெரிக்க 100 டன் போகி. அதன் அச்சு இடைவெளி 5 அடி 10 அங்குலம், அதாவது 1778 மி.மீ. மாடலில் 20.4. நமக்கு வேண்டியது 23. அந்தப் போகியில் 36 இன்ச் போட்டாலே சக்கரம் இடைவெளியைவிடப் பெரிதாகத் தெரிகிறது. 38 போட்டால் இரண்டும் முட்டிக்கொண்டு நிற்பதுபோல் இருக்கிறது. சக்கரம் சரியா தப்பா என்று மண்டையை உடைத்துக்கொள்ளும் முன்னால் போகியை மாற்று என்றேன். 3டி பிரிண்டில் கேஸ்நப் சட்டம் அடித்துக்கொள்வது இப்போது பெரிய வேலையில்லை.

போகி சரியாக இருந்தால் பாக்ஸ்என்னுக்கு என் ஓட்டு 38-க்குத்தான். சங்ககிரி டிப்போவுக்குப் போகும் பெட்ரோல் டேங்கர் பி.டி.பி.என்.-உம் இதே கேஸ்நப் குடும்பம், அதற்கும் இதே பதில். ஐரோப்பிய 11 மி.மீ. பார்வைக்கு 38-க்குச் சமம், 0.1 மி.மீ. வித்தியாசத்தை எவன் கண்டான். ஆனால் அதன் ஊசிமுனை அச்சின் நீளம் 24.75 மி.மீ. பக்கம், அமெரிக்க அச்சு 25.5-ஐ ஒட்டி, தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். நீள அச்சுக்கு அடித்த சட்டத்தில் குட்டை அச்சைப் போட்டால் லொடலொடவென்று ஆடும். மாற்றிப் போட்டால் இறுகி நிற்கும். சட்டத்தை நீங்களே பிரிண்ட் அடிப்பதானால் 11 மி.மீ.-உம் நல்லதே. இரண்டையும் ஒரே பெட்டியில் கலந்து வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

12.6-ஐப் பற்றி என் வயிற்றெரிச்சல் கதை ஒன்று. ஆரம்பத்தில் 'புதுச் சக்கரம் பெரிதாகத்தானே இருக்கும்' என்று அதை நாலு வேகனுக்குப் போட்டேன். நேர்பாதையில் ஜம்மென்று போயிற்று. 18 அங்குல வளைவில் திரும்பியதும் விளிம்பு அடித்தட்டில் உரசி, முதல் வேகன் நின்று, பின்னால் வந்த மூன்றும் ஏறிக் கவிழ்ந்தன. பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: அசல் அளவில் 1100 மி.மீ.-ஐத் தொடுகிறது. அப்படிப்பட்ட பாக்ஸ்என் எந்த யார்டிலும் கிடையாது.

33 இன்ச்சை ஒதுக்கிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஜோலார்பேட்டை–ஈரோடு மெயின் லைனில் போகும் கன்டெய்னர் வண்டியைப் பாருங்கள். பி.எல்.சி. வேகனின் புதுச் சக்கரம் 840 மி.மீ. 33 இன்ச் என்பது 838. அளவெடுத்துத் தைத்தமாதிரி! உயரமான கன்டெய்னரை ஏற்றினாலும் மேலே இடிக்காமலிருக்கத் தளத்தைத் தாழ்த்தினார்கள், அதற்காகச் சக்கரத்தைச் சிறிதாக்கினார்கள். இதில் 36-ஐப் போட்டால் அந்தப் பதுங்கிய தோற்றமே போய்விடும். சரி, 36 எதற்குத்தான்? ஐ.சி.எஃப். பயணிகள் பெட்டிக்கு. அதன் புதுச் சக்கரம் 915 மி.மீ.

சக்கரத்தின் அகலத்திலும் ஒரு தேர்வு உண்டு. கோட் 110 என்றால் 2.8 மி.மீ., கோட் 88 என்றால் 2.2. பக்கவாட்டில் பார்க்கக் கோட் 88 மெல்லிசாக அழகாக இருக்கும். ஆனால் சாதாரண பாயிண்டில் (தடம் பிரியும் இடத்தில்) தண்டவாளங்கள் குறுக்கிடும் ஃபிராக்கைத் தாண்டும்போது 'டொக்' என்று ஒரு இறக்கம். நிலக்கரி வேகனின் சக்கரத்தைக் குனிந்து முகத்துக்கு நேரே பார்க்கப்போகிறவர் எத்தனை பேர்? என் வீட்டில் கோட் 110 தான். பிளாஸ்டிக் சக்கரம் மட்டும் வேண்டாம். அழுக்கை இழுத்துத் தண்டவாளம் முழுக்க அப்பிவிடும்.

36-ஐக் கழற்றி 38 போட்டால் வேகன் 0.3 மி.மீ. உயரும், 33-லிருந்து போனால் 0.7-க்கும் மேல். முதலாவதைக் கப்ளர் (வேகன்களைக் கோக்கும் கொக்கி) பொறுத்துக்கொள்ளும். இரண்டாவதுக்குப் போகி உட்காரும் மேட்டை அரம் போட்டுத் தேய்க்க வேண்டும், இல்லையென்றால் ஏற்றத்தில் கழன்றுகொள்ளும்.

தம்பி கடைசியில் எழுதிக்கொண்டு போன சீட்டு இது: பத்து பாக்ஸ்என்னில் ஒன்பதுக்கு 38 இன்ச்சில் 36 அச்சு (வேகனுக்கு நாலு), ஐந்து வேகன் சேர்ந்த ஒரு பி.எல்.சி. தொகுதிக்கு 33 இன்ச் 20 அச்சு. 36 இன்ச்சில் நாலே நாலு. அது கண்டெம் ஆகப்போகிற மாதிரி காட்டப்போகும் பத்தாவது வேகனுக்கு. அதற்குத் துருவும் கொஞ்சம் தாராளமாகப் பூசச் சொல்லியிருக்கிறேன்.