முதலாளி காதலைச் சொன்னால், பதில் சொல்லும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நான் வேலை பார்த்த நிறுவனத்தின் பெயரையோ அந்த மனிதரின் பெயரையோ இங்கே எழுதப் போவதில்லை. விஷயம் இன்னும் வழக்கறிஞர் கையில் இருக்கிறது. ஆனால் சம்பளத்துக்காக மட்டும் இல்லாமல், நாலு பேருக்கு நல்லது நடக்கும் என்று நம்பி வேலைக்குச் சேருகிற பெண்களுக்கு இது தெரிந்தே ஆகவேண்டும்.

குடிநீர் சுத்திகரிப்புக் கருவி தயாரிக்கும் நிறுவனம் அது. வசதியில்லாத பள்ளிகளுக்கு இலவசமாகக் கருவி பொருத்தி, பராமரிப்பையும் நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று நான் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தேன். முதலாளி அதை வரி விடாமல் படித்தார். ஃபில்டர் மாற்றும் செலவு யார் தலையில் விழும் என்று பென்சிலால் ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்தார். எங்கள் நெருக்கம் அந்தக் காகிதத்தில்தான் தொடங்கியது. "உன்னாலதான் இந்தக் கம்பெனிக்கே மனசாட்சி வந்துச்சு" என்பார். நானும் நம்பினேன். நம்புகிற மாதிரிதான் நடந்துகொண்டார்.

பிறகு அவர் காதலைச் சொன்னார், நானும் சம்மதித்தேன். நிறுவனத்தின் பணியாளர் நிர்வாகப் பிரிவான எச்.ஆரைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "எச்.ஆர்.கிட்ட நானே சொல்லிட்டேன், நீ எதுவும் பேச வேண்டாம்" என்றார். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டால் உஷாராகிவிடுங்கள். மேலதிகாரிக்கும் கீழே வேலை செய்பவருக்கும் உறவு ஏற்பட்டால் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பல இடங்களில் விதி உண்டு. அப்படித் தெரிவித்தால் உங்கள் சம்பள உயர்வையும் மதிப்பீட்டையும் வேறொருவர் கைக்கு மாற்றிவிடுவார்கள். அது உங்களுக்கான பாதுகாப்பு. எனக்கு அது கடைசிவரை கிடைக்கவில்லை, ஏனென்றால் அவர் யாரிடமும் சொல்லவே இல்லை.

பள்ளித் திட்டத்தைக் காட்டித்தான் முதலீட்டாளர்களிடம் பணம் வாங்கினார்கள். பணம் வந்ததும் திட்டத்தைக் கிடப்பில் போட்டுவிட்டார்கள். எப்போது தொடங்குகிறோம் என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன். அன்றோடு அவர் என் அழைப்புகளை எடுப்பதை நிறுத்தினார். அடுத்து வந்த மதிப்பீட்டில் "குழுவோடு ஒத்துப்போவதில்லை" என்று எழுதியிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து.

பிறகு எச்.ஆர். அறைக்கு அழைத்தார்கள். என் பெயர் போட்டு, "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று அச்சடித்த கடிதம் மேசையில் தயாராக இருந்தது. கூடவே இன்னொரு தாள்: உறவு இருவர் சம்மதத்தோடு இருந்தது, இதைப் பற்றி வெளியில் பேசமாட்டேன், எந்தப் புகாரும் கொடுக்கமாட்டேன். "இன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டா ரெண்டு பக்கமும் நல்லது மேடம்" என்றார் அந்த அதிகாரி. மூன்றாவதாக, நான் திருப்பித் தர வேண்டிய பொருட்களின் பட்டியல். லேப்டாப், அடையாள அட்டை, அதற்குக் கீழே என் போன். பிறந்தநாளுக்கு அவர் கையால் கொடுத்த போன். பில் நிறுவனத்தின் பெயரில் இருந்ததாம். எங்களுக்குள் நடந்த பேச்சு முழுக்க அதற்குள்தான் இருந்தது. அதை வைக்காமல் அறையை விட்டுப் போக முடியாது என்றார்கள். அந்தப் பட்டியலை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பெரிய நிறுவனத் தலைவர்களே இப்படிப்பட்ட உறவால் பதவி இழந்திருக்கிறார்களே என்று சிலர் கேட்கிறார்கள். உண்மைதான். இன்டெல் தலைவர் பிரையன் கிரஸானிச் 2018இல் விலகினார். மெக்டொனால்ட்ஸ் தலைவர் ஸ்டீவ் ஈஸ்டர்புரூக்கை 2019இல் நீக்கினார்கள். நெஸ்லே தலைவர் லோரான் ஃபிரெக்ஸ், தனக்குக் கீழே வேலை செய்தவருடனான உறவை மறைத்ததற்காக 2025இல் நீக்கப்பட்டார். ஆனால் அவர்களுக்கு மேலே கேள்வி கேட்க ஒரு இயக்குநர் குழு இருந்தது. முதலாளியே சொந்தக்காரராக இருக்கும் இடத்தில் எச்.ஆருக்கும் சம்பளம் கொடுப்பவர் அவர்தான். அங்கே உள்ளே புகார் கொடுத்து நியாயம் கிடைக்கும் என்று காத்திருந்து நாட்களை வீணாக்காதீர்கள். பல சட்டங்களில் புகார் கொடுக்கக் காலக்கெடு உண்டு. வெளியில் இருக்கும் தொழிலாளர் வழக்கறிஞரை உடனே பாருங்கள்.

என் வழக்கறிஞர்தான் சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2019இல் கொண்டுவந்த 190ஆவது உடன்படிக்கையைப் பற்றிச் சொன்னார். வேலை தொடர்பான பயணம், விருந்து, போனில் வரும் செய்தி ஆகியவற்றில் நடக்கும் துன்புறுத்தலும் அதில் அடங்கும். புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவதிலிருந்து பாதுகாப்பு வேண்டும் என்றும் அது சொல்கிறது. உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

காதலிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவர் உண்மையானவர் என்றால், எச்.ஆருக்கு நீங்களே மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்குவதை எதிர்க்கமாட்டார். உங்கள் மதிப்பீட்டை வேறு அதிகாரியிடம் மாற்றச் சம்மதிப்பார். எதிர்த்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நியமனக் கடிதம், மதிப்பீடு, பாராட்டுக் கடிதம் போன்ற உங்களுக்கான காகிதங்களின் நகலை வீட்டில் வையுங்கள். நிறுவனத்தின் ரகசிய ஆவணங்களை மட்டும் தொடாதீர்கள், அதையே உங்கள் மேல் திருப்புவார்கள். அவர் பரிசு கொடுத்த போனில் சொந்தப் பேச்சு எதுவும் வேண்டாம்.

நான் அந்த இரண்டு தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று நகல் கேட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். அன்று மாலையே என் அலுவலக மின்னஞ்சலை முடக்கினார்கள். அனுபவச் சான்றிதழ் இன்னும் வரவில்லை. பள்ளித் திட்டத்தின் படங்கள் மட்டும் இன்றும் அவர்களுடைய விளம்பரத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதைப் பார்த்து அங்கே விண்ணப்பிக்க நினைக்கும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இந்தப் பதிவை அனுப்புங்கள்.