500 மணியா, 1000 மணியா? மசாஜ் லைசென்ஸுக்கு நியூ ஜெர்சியும் நியூயார்க்கும்

அமெரிக்காவில் மசாஜ் தெரபிஸ்ட் ஆக, நாடு முழுமைக்கும் செல்லும் ஒரே லைசென்ஸ் கிடையாது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். நியூ ஜெர்சியில் 500 மணி நேரப் படிப்பு போதும். ஆற்றைத் தாண்டினால் நியூயார்க் 1000 கேட்கும். வீடு நியூ ஜெர்சியில்தான் என்றாலும் நான் 1000 மணிப் படிப்பில் சேர்ந்தேன்.

செலவும் காலமும் எதில் குறைவு என்று சொல்லவே வேண்டாம். வாரம் 20 மணி வகுப்பு என்றால் ஒன்று ஆறு மாதம், மற்றது ஒரு வருஷம். புதுப்பித்தலிலும் பெரிய வித்தியாசமில்லை: நியூ ஜெர்சியில் 2 வருஷத்துக்கு 20 மணி தொடர்கல்வி, நியூயார்க்கில் 3 வருஷத்துக்கு 36.

என்னை முடிவெடுக்க வைத்தது ஊர் மாறும் தொல்லைதான். விசா, வேலை, பிள்ளைகள் படிப்பு என்று எப்போது மூட்டை கட்டுவோம் என்று தெரியாத குடும்பம் எங்களுடையது. 1000 மணி கையில் இருந்தால், 500 கேட்கும் டெக்சாஸிலோ புளோரிடாவிலோ மணி எண்ணிக்கையில் இடிக்காது. எம்பிளெக்ஸ் என்ற மசாஜ் லைசென்ஸ் தேர்வு (100 கேள்வி, 110 நிமிடம்), பின்னணிச் சோதனை மாதிரியான சில்லறை வேலைகள்தான் பாக்கி. பல மாநிலங்களுக்கும் சேர்த்து ஒரே லைசென்ஸ் தரும் ஒப்பந்தத்திலும் 625 மணி என்று போட்டிருக்கிறார்கள். 500 அங்கேயே உதைக்கும்.

500-லிருந்து 1000-க்குப் போவதுதான் கஷ்டம். 500 மணி முடித்தவர் பிறகு நியூயார்க் போக நினைத்தால் மீதியை எங்காவது படித்தாக வேண்டும். பழைய மணிகளில் எத்தனையை ஏற்பது என்பது புதுப் பள்ளியின் இஷ்டம். ‘பக்கத்து மாநில லைசென்ஸ்தான் இருக்கிறதே’ என்று அக்கரையில் வேலை பார்க்கவும் முடியாது. நியூயார்க்கில் லைசென்ஸ் இல்லாமல் இந்தத் தொழில் செய்வது அபராதத்தோடு போகிற விஷயமில்லை, ஃபெலனி, அதாவது கடுமையான குற்றம்.

கூடுதல் மணிகளில் என்ன கிடைத்தது என்றால், எனக்கு நோய்க்குறியியல்தான். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக இருந்தால் ரத்தக்கட்டு இருக்கலாம். கை வைக்காமல் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். இதை 500 மணிப் படிப்பிலும் சொல்லித் தருவார்கள். ஆனால் மாணவர் கிளினிக்கில் வருகிறவரின் மருந்துப் பட்டியலைப் பார்த்து அப்படி முடிவெடுத்துப் பழக அதிக நேரம் கிடைத்தது எனக்குப் பெரிய உதவி. நியூ ஜெர்சிப் பள்ளிகளில் நான் படித்ததில்லை, அதனால் தரத்தை ஒப்பிட்டுத் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

நியூ ஜெர்சியிலேயே வேரூன்றிவிட்டவர்களுக்கும், தொழில் ஒத்துவருமா என்று பார்க்க நினைப்பவர்களுக்கும் 500 சரிதான். அப்புறம், எதில் சேர்ந்தாலும் பணம் கட்டும் முன் பள்ளி தரும் டிரான்ஸ்கிரிப்ட் (படிப்புச் சான்று) எப்படி இருக்கும் என்று ஒரு மாதிரி நகல் கேளுங்கள். உடற்கூறியல், உடலியங்கியல், நோய்க்குறியியல் என்று பாடவாரியாக மணி அச்சாகியிருக்க வேண்டும். ‘மொத்தம் இத்தனை மணி’ என்று ஒரே வரியில் இருந்தால், வேறு மாநிலத்தில் விண்ணப்பிக்கும்போது அந்தப் பள்ளிக்குத் திரும்பத் திரும்பக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.