மாடல் ராக்கெட் விடுபவர்கள் உஷார்: இக்னைட்டர் வாங்கியதில் போனது ரூ. 4,850

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அப்புறம் ‘போனால் போகிறது’ என்று விட்டுவிடுவேன். மாடல் ராக்கெட் சாமான் விற்கும் ஓர் ஆன்லைன் கடை, பெயர் வேண்டாம். 40 இக்னைட்டர் (கரண்ட் பாய்ந்ததும் பழுத்து, ராக்கெட்டின் எரிபொருள் மோட்டாரைப் பற்றவைக்கும் மருந்து நுனிக் கம்பி), கூரியரோடு ரூ. 4,850. முழுப் பணமும் முன்னாலேயே கட்ட வேண்டும்.

எப்படி நம்பினேன்? அந்த ஆள் பேசிய பேச்சு அப்படி. விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. “என்ன பேட்டரிங்க வெச்சிருக்கீங்க? 9 வோல்ட் சதுர பேட்டரின்னா வேண்டாங்க, வோல்ட் காட்டும், கரண்ட் தராது” என்றார். சரியான பேச்சு. இக்னைட்டரில் இருக்கும் நிக்ரோம் கம்பி பழுக்க ஓரிரண்டு ஆம்பியராவது வேண்டும், அந்தக் குட்டி பேட்டரி அதிலேயே படுத்துவிடும். இவ்வளவு தெரிந்தவர் ஏமாற்றுவார் என்று யாருக்குத் தோன்றும்? “புது ஸ்டாக்குங்க” என்று பட்டென்று பற்றுகிற வீடியோ ஒன்றும் வந்தது. ஜிபேயில் போட்டுவிட்டேன்.

ஏற்காடு அடிவாரத்தில் ஒரு தரிசுக் காடு. சேலத்திலிருந்து பிள்ளைகளைக் கூட்டிப்போயிருந்தேன். பைக்கின் 12 வோல்ட் பேட்டரி, உப்புத்தாளில் தேய்த்த கிளிப்புகள், எல்லாம் தயார். பட்டனை அழுத்தினால் ஒன்றுமில்லை. பட்டன் பெட்டியின் பாதுகாப்புச் சாவியை உருவி, ஒரு நிமிடம் பொறுத்து, போய்ப் பார்த்தால் நுனியில் இருக்க வேண்டிய மருந்து உதிர்ந்து வெறும் கம்பி நிற்கிறது. அடுத்ததும் அதே கதை. “தீபாவளி ராக்கெட்டே விட்டிருக்கலாம் சார்” என்றது ஒரு வாண்டு.

வீட்டில் மிச்சத்தை மல்டிமீட்டரில் வைத்தேன். ஓர் ஓம் அக்கம்பக்கம் காட்ட வேண்டியதில் பாதிக்கு மேல் ஓபன், அதாவது உள்ளே இணைப்பு அறுந்தது. சிலவற்றில் இரண்டு காலும் ஒட்டி ஷார்ட். நகம் பட்டாலே மருந்து காப்பித்தூள் மாதிரி கொட்டுகிறது. பாக்கெட் லேபிளைக் கிளப்பினால் அடியில் பழைய லேபிள்!

போன் செய்தேன். முதலில் “உங்க பேட்டரி வீக்குங்க”. பிறகு “ஏற்காட்டு ஈரங்க”. அடிவாரத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது என்றேன். “யூஸ் பண்ண பொருளுக்கு ரிட்டர்ன் இல்லைங்க.” யோவ், மீட்டரில் ஓபன் காட்டுவது பற்றவே வைக்காத இக்னைட்டர்! போட்டோ அனுப்பினால், “மீட்டர்ல செல்லு மாத்திப் பாருங்க”. அதோடு சரி, நீல டிக் மட்டும் விழுகிறது. வேறு எண்ணிலிருந்து கூப்பிட்டபோது ‘மேனேஜர்’ எடுத்தார். அதே குரல். ரூ. 4,850 வாங்கிய அதே குரல்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதையெல்லாம் விரிவாக எழுத உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள். மோட்டாரில் செருகும் முன் ஒவ்வொன்றையும் மீட்டரில் பாருங்கள். நுனி உள்ளே எரிபொருளைத் தொட்டு நிற்க வேண்டும், அதைப் பிடித்து நிறுத்தும் பிளக் ஆடக் கூடாது. பற்றாவிட்டால் திரி, தீப்பெட்டி என்று யாரும் கிட்டே போகவே கூடாது.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாயிற்று. ரூ. 4,850 வருகிறதோ இல்லையோ, உங்களிடம் யாராவது பேட்டரிப் பாடம் நடத்தினால் முன்பணம் மட்டும் போட்டுவிடாதீர்கள்.