லீன்ஐஎக்ஸா, ஆர்க்கியா, சர்வீஸ்நவ்வா: தகவலை யார் போடப்போகிறார்கள்?

2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியே தெரிந்த வாரம் எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது. அப்போது நான் இருந்த நிறுவனத்தில் 300-க்கும் மேற்பட்ட அப்ளிகேஷன்கள். செக்யூரிட்டி குழு கேட்டது இரண்டே கேள்விகள்: எவையெல்லாம் ஜாவாவில் ஓடுகின்றன, ஒவ்வொன்றுக்கும் யாரைக் கூப்பிடுவது? கையில் இருந்தது ஓர் எக்செல் ஃபைல். அதில் ‘ஓனர்’ என்று இருந்த பெயர்களில் பாதிப் பேருக்கு அந்த வேலையே இப்போது இல்லை. "சார், அந்த சிஸ்டத்தை நான் ஒப்படைச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. யார்கிட்ட கொடுத்தேன்னு எனக்கே ஞாபகம் இல்லை" என்றார் ஒரு மேனேஜர். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இப்படிப் போன் போட்டே போனது.

இத்தனைக்கும் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்சருக்கென்று, அதாவது நிறுவனத்தில் என்னென்ன அப்ளிகேஷன்கள் இருக்கின்றன, எது எதோடு இணைகிறது என்று பதிவு செய்வதற்கென்று, விலை உயர்ந்த டூல் ஒன்றை ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தோம். மூன்று ஆர்க்கிடெக்ட்கள் மட்டும் அதில் உட்கார்ந்து படங்கள் வரைந்தோம். படங்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் அவற்றைக் கடைசியாகத் திருத்தி ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்ததால், அந்த வாரம் யாரும் அதைத் திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு இந்த வகை டூல்களை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. வென்டார் காட்டும் வசதிப் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, இதில் தகவலை யார் போடுவார்கள், ஆறு மாதம் கழித்து யார் திருத்துவார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். கீழே வரும் ஒப்பீடும் அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

ஆர்க்கிடெக்ட் மட்டும் வரைவதென்றால்: ஆர்க்கி, ஸ்பார்க்ஸ்

ஆர்க்கி இலவசம், ஓப்பன் சோர்ஸ். பிரிட்டனில் ஜிஸ்க் அமைப்பின் நிதியுதவியோடு 2010 வாக்கில் தொடங்கியது. ஆர்க்கிமேட் என்ற மாடலிங் மொழியை மட்டுமே பேசும், அதை நன்றாகப் பேசும். இதுவரை விசியோவிலோ பவர்பாயிண்ட்டிலோ பெட்டி வரைந்துகொண்டிருந்தவர்களுக்கு இதில் கிடைக்கும் முதல் லாபம் ஒன்று உண்டு. பவர்பாயிண்ட்டில் ‘பில்லிங் சிஸ்டம்’ என்ற பெட்டி பத்து ஸ்லைடில் இருந்தால் அது பத்துத் தனித்தனிப் பெட்டி. ஆர்க்கியில் அது ஒரே பொருள்; பத்துப் படங்களில் தோன்றுகிறது, அவ்வளவுதான். ஓர் இடத்தில் பெயர் மாற்றினால் பத்திலும் மாறும். அதைத் தொட்டால் எந்தெந்தப் படங்களில் இருக்கிறது, எதோடெல்லாம் இணைந்திருக்கிறது என்பதும் தெரியும். ‘மாடல்’ என்ற சொல்லுக்கு அர்த்தம் புரிவதற்காகவே ஒவ்வொரு ஆர்க்கிடெக்ட்டும் ஒரு வாரமாவது ஆர்க்கியில் உட்கார வேண்டும் என்பேன்.

சிக்கல், பலர் சேர்ந்து வேலை செய்யும்போது வருகிறது. கோஆர்க்கி என்ற பிளகின் போட்டால் மாடலை கிட்டில் (புரோகிராமர்கள் கோடைப் பகிர்ந்து, மாற்றங்களைப் பதிவு செய்யும் இடம்) வைத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று பேருக்கு அது போதும். ஆனால் ஃபைனான்ஸில் இருக்கும் ஓர் அப்ளிகேஷன் ஓனரிடம் போய், "மேடம், இதை இறக்கிப் போட்டு, கிட்டில் கமிட் பண்ணுங்க" என்று சொல்ல முடியுமா? முடியாது. ஆகவே அவர் சொல்வதைக் கேட்டு நீங்கள்தான் போட வேண்டும். 60 அப்ளிகேஷன் வரை அது ஓடும். 300 என்றால் ஓடாது.

ஆஸ்திரேலியாவின் ஸ்பார்க்ஸ் சிஸ்டம்ஸ் தரும் எண்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட் இதைவிடக் கனமானது. யூஎம்எல், பிபிஎம்என், சிஸ்எம்எல், ஆர்க்கிமேட் என்ற மாடலிங் மொழிகள் எல்லாம் ஒரே இடத்தில். ஒரு லைசென்ஸ் சில நூறு டாலர்தான், மற்ற வணிக டூல்களோடு பார்த்தால் மிகக் குறைவு. ரிக்வயர்மென்ட்டிலிருந்து கோடின் அமைப்பைக் காட்டும் கிளாஸ் டயக்ராம் வரை தொடர்ந்து பின்தொடர வேண்டிய தயாரிப்புக் குழுக்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன். ஆனால் புதிதாகத் திறப்பவருக்கு அந்த மெனுக்களே மலைப்பாக இருக்கும். பிசினஸ் பக்கத்து ஆட்கள் இதற்குள் வருவார்கள் என்று நினைத்து வாங்காதீர்கள்.

எல்லோரிடமும் கேட்டு வாங்குவதென்றால்: லீன்ஐஎக்ஸ், ஆர்டாக்

லீன்ஐஎக்ஸ் 2012-ல் ஜெர்மனியின் பான் நகரில் தொடங்கியது. 2023-ல் பிசினஸ் சாஃப்ட்வேர் நிறுவனமான எஸ்ஏபி வாங்கிவிட்டது. இதில் படம் வரைவது இரண்டாம் பட்சம். ஒவ்வோர் அப்ளிகேஷனுக்கும் ஒரு ஃபேக்ட் ஷீட். அதைத் திறந்தால் ஒரு சாதாரணப் படிவம் மாதிரிதான் இருக்கும்: பெயர், ஒரு வரி விளக்கம், பொறுப்பாளர், எந்த பிசினஸ் கேபபிலிட்டிக்கு (நிறுவனம் செய்ய வேண்டிய வேலைக்கு) உதவுகிறது, எந்த டேட்டாபேஸ் மேல் நிற்கிறது, இப்போது வாழ்நாளில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது. பிரௌசரில் படிவம் நிரப்பத் தெரிந்த யாரும் இதை நிரப்பலாம்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது தர முத்திரை. பொறுப்பாளர் ஒருமுறை பார்த்து ‘சரி’ என்று முத்திரை வைக்கிறார். பொறுப்பில் இல்லாத ஒருவர் ஏதாவது மாற்றினாலோ, நீங்கள் வைத்த கெடு தாண்டினாலோ அந்த முத்திரை உடைந்துவிடும். பொறுப்பாளர் மறுபடி வந்து பார்க்க வேண்டும். எங்கள் எக்செல்லில் இல்லாமல் போனது இந்த ஒன்றுதான். அதில் இருந்த தகவல் என்றைக்கு உண்மையாக இருந்தது என்று அந்த ஃபைலைப் பார்த்து யாராலும் சொல்ல முடியவில்லை.

கட்டணம் பொதுவாக அப்ளிகேஷன் எண்ணிக்கையை வைத்து. எத்தனை பேர் உள்ளே வருகிறார்கள் என்பதை வைத்து இல்லை. அதனால் 200 பேரைத் தயங்காமல் உள்ளே விடலாம். ஆனால் பேரம் பேசப் போவதற்கு முன் உங்களிடம் எத்தனை அப்ளிகேஷன் இருக்கிறது, எதையெல்லாம் அப்ளிகேஷன் என்று எண்ணப்போகிறீர்கள் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மேக்ரோ வைத்த ஒவ்வோர் எக்செல்லையும் எண்ணினால் பில் எங்கோ போய்விடும்.

எஸ்ஏபி கைக்குப் போனது நல்லதா என்று கேட்பவர்கள் உண்டு. எஸ்ஏபியின் பழைய ஈசிசி-யிலிருந்து புதிய எஸ்4ஹானாவுக்கு மாறப்போகிறீர்கள், பழையதன் வழக்கமான பராமரிப்பு முடியும் 2027 கெடு தலைக்கு மேல் இருக்கிறது என்றால் உங்களுக்கு நல்லதுதான். எஸ்ஏபி பெரிதாக இல்லாத நிறுவனம் என்றால், அடுத்த இரண்டு வருடத்தில் என்ன புதிதாக வரப்போகிறது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆர்டாக், நார்வேயின் ஆஸ்லோவிலிருந்து வருகிறது. உள்ளே எல்லாமே கிராஃப்: பொருள்கள், அவற்றுக்கிடையே உறவுகள். உங்களுக்கு வேண்டிய பொருள் வகைகளையும் உறவுகளையும் நீங்களே வகுத்துக்கொள்ளலாம். சர்வே அனுப்பித் தகவல் வாங்கும் முறை இதில் மிக நேர்த்தி. ஓனருக்கு மெயில் போகும், அவர் நான்கு கேள்விக்குப் பதில் சொன்னால் மாடல் தானே மாறும். ஆனால் இந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. எங்கே நிறுத்துவது என்று தெரிந்த ஒருவர் குழுவில் இல்லையென்றால் மூன்று மாதம் மெட்டாமாடல் (எந்தப் பொருள் வகைகள், எந்த உறவுகள் வேண்டும் என்ற வகுப்பு) விவாதத்திலேயே கழியும். அனுபவமுள்ள ஆர்க்கிடெக்ட் இருந்தால் ஆர்டாக், புதிதாகத் தொடங்கும் குழு என்றால் லீன்ஐஎக்ஸ். இந்த இரண்டுக்குள் என் தீர்ப்பு இதுதான்.

தகவல் ஏற்கெனவே இருக்கிறது என்றால்: சர்வீஸ்நவ்

ஐடி வேலைகளை நடத்த சர்வீஸ்நவ் என்ற மென்பொருளை ஏற்கெனவே வைத்திருக்கும் பல நிறுவனங்களில் கேள்வியே வேறு மாதிரி வரும். "சர்வீஸ்நவ்தான் இருக்கிறதே, அதிலேயே ஆர்க்கிடெக்சர் மாட்யூலும் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" நியாயமான கேள்வி. அதில் சர்வர்களையும் அப்ளிகேஷன்களையும் பதிவு செய்யும் சிஎம்டிபி உயிரோடு இருக்கிறது, இன்சிடென்ட்டும் (கோளாறுப் பதிவு) சேஞ்சும் (மாற்றப் பதிவு) தினமும் அதைத் தொட்டுப் போகின்றன என்றால் நானும் அதையே சொல்வேன். தினமும் தொடப்படும் தகவல் சீக்கிரம் பழசாகாது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நெட்வொர்க்கைத் துழாவும் டிஸ்கவரியை ஓடவிட்டால் சர்வரைக் கண்டுபிடிக்கும், அதில் என்ன ஓடுகிறது என்றும் கண்டுபிடிக்கும். அது எந்த வேலைக்காக ஓடுகிறது, அடுத்த வருடம் தேவையா, யாருடைய பட்ஜெட் என்பதெல்லாம் நெட்வொர்க்கில் தேடிக் கிடைக்காது. மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். சர்வீஸ்நவ்வின் சிஎஸ்டிஎம் வகைப்பாட்டில் ‘பிசினஸ் அப்ளிகேஷன்’ வேறு, ‘அப்ளிகேஷன் சர்வீஸ்’ வேறு. முதலாவது நீங்கள் திட்டமிடும் பொருள், இரண்டாவது புரொடக்‌ஷனில், டெஸ்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும் வடிவம். இந்த இரண்டையும் குழப்பி வைத்திருக்கும் சிஎம்டிபி-யின் மேல் ஆர்க்கிடெக்சர் மாட்யூலைப் போட்டால் ஒரே சிஸ்டம் நான்காகத் தெரியும். முதலில் அதைச் சுத்தம் செய்ய ஆள் போடுங்கள்; லைசென்ஸ் அப்புறம் பார்க்கலாம்.

பெரிய வங்கிகள் பார்க்கும் பட்டியலில் பிஸ்டிசைன், மெகாவின் ஹோபெக்ஸ், ஆல்ஃபபெட் மூன்றும் இருக்கும். 2025-ல் இந்த மூன்றும் ஒரே குடையின் கீழ் வந்துவிட்டன. மூன்றுமே ஆழமானவை. புதிதாக வாங்குபவர், எந்த ஒன்றில் முதலீடு தொடரும் என்று தெளிவாகத் தெரியும்வரை பொறுத்திருப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

கையெழுத்துக்கு முன்

டெமோவில் வென்டாரின் மாதிரித் தகவலைப் பார்க்காதீர்கள். உங்கள் அப்ளிகேஷன்களில் 20-ஐ எடுத்து, ஒரே துறையை எடுத்து, ஆறு வாரம் நிஜமாக ஓட்டிப் பாருங்கள். ஓனர்களுக்கு நிஜமாகவே சர்வே அனுப்புங்கள். எத்தனை பேர் முதல் மெயிலுக்கே பதில் போட்டார்கள், எத்தனை பேரை இருக்கைக்குப் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது என்று எண்ணுங்கள். லாக்4ஜே மாதிரி ஒரு கேள்வியைத் தயார் செய்து, டூலைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்துப் பதில் தேடச் சொல்லுங்கள். உதாரணமாக, 2024 ஜூலையில் ஆதரவு முடிந்துபோன எஸ்க்யூஎல் சர்வர் 2014 டேட்டாபேஸ் மேல் இன்னும் எவையெல்லாம் நிற்கின்றன, அவற்றுக்கு யார் பொறுப்பு?

அதே ஆறு வாரத்துக்குள் தகவலை வெளியே எடுத்தும் பாருங்கள். ஆர்க்கிமேட் மாடல்களுக்கு ஓப்பன் குரூப் என்ற தர அமைப்பு வகுத்த பரிமாற்ற ஃபைல் வடிவம் இருக்கிறது. லீன்ஐஎக்ஸிலிருந்து எக்செல்லாகவோ கிராஃப்க்யூஎல் என்ற வினவல் மொழி வழியாகவோ எடுக்கலாம். பழைய டூலை நாங்கள் மூடியபோது அப்ளிகேஷன் பெயர்களும் ஓனர்களும் ஒரே நாளில் வெளியே வந்துவிட்டன. எது எதோடு பேசுகிறது என்ற இணைப்புகள் மட்டும் வெறும் எண்களாக ஒரு தனி ஷீட்டில் வந்தன. அவற்றைப் பெயர்களோடு கோர்த்துச் சரிபார்க்க இரண்டு பேருக்கு மூன்று வாரம் ஆனது.